இடைவேளை மணி

மாணவர்களே, இடைவேளை மணி அடித்ததும் முற்றத்துக்கு ஓடுகின்றீர்களா, அல்லது தேர்வுக்கு அஞ்சிப் புத்தகத்துடன் அமர்ந்துவிடுகின்றீர்களா? பின்னதே நல்ல பிள்ளைக்கு அழகென்று பலர் கருதுகின்றனர். அவ்வாறு கருதாத ஒருவர் நம் நகரில் வாழ்ந்தார்.

அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920ஆம் ஆண்டில் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்தார். பதக்கம் பெறும் சிலரை உருவாக்குவது மட்டும் அதன் நோக்கமன்று. பிள்ளைகள் அனைவரையும் விளையாடச் செய்யும் ஆசிரியர்களைப் பள்ளிகளுக்கு அளிப்பதே தலையாய பணி. கட்டளைக்குக் கைகால் அசைக்கும் டிரில் மட்டும் போதாது. மகிழ்ந்து ஆடும் ஆட்டமும் கல்வியின் கூறே என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றியது. 1943இல் பக் மறைந்தார். தியாகராயநகரை அடுத்த நந்தனத்தில் அக்கல்லூரி இன்றும் நடைபெறுகின்றது.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் ஓடியாட வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நகரத்துப் பள்ளிகள் பலவற்றில் பரந்த மைதானம் இல்லை, மெய்தான். ஆயினும் சடுகுடுவுக்கு நடுவில் ஒரு கோடு போதும். பாண்டியாட்டத்துக்கு ஒரு சில்லு போதும்.

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைத் தண்டிக்க இடைவேளையைப் பறிப்பது, அவன் கல்வியில் ஒரு பகுதியைப் பறிப்பதேயாகும். ஆகவே, நாளை மணி அடித்ததும் எழுந்து ஓடுங்கள். அமர்ந்திருக்கும் தோழனையும் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.