கால்நடை மருத்துவரின் முதற்பயிற்சி: பிரிட்டனில் லாடப் பட்டறை முதல் பல்கலைக்கழகம் வரை

பிரிட்டனில் கால்நடை மருத்துவம் படிக்க விரும்பும் பதினாறு, பதினேழு வயதினர், கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன்பே பால்பண்ணையிலும் குதிரை லாயத்திலும் செம்மறிகள் குட்டி ஈனும் பருவத்தில் ஆட்டுப்பட்டியிலும் சில காலம் வேலை செய்து பழகியிருப்பது இன்று நிலைபெற்ற வழக்கமாகும். இவ்வழக்கத்தின் வேர் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் தோன்றுவதற்கும் முந்தியது. விலங்கோடு பழகிப் பெறும் அனுபவமே முழுக்கல்வியாக இருந்த நிலை மாறி, அதுவே கல்விக்கு நுழைவுத் தகுதியாக ஆனதுதான் இத்தொழிலின் இரு நூற்றாண்டு வரலாறு.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை குதிரை நோய்களுக்குப் பெரும்பாலும் வைத்தியம் பார்த்தவர் 'ஃபாரியர்' எனப்பட்ட லாடத் தொழிலாளர் ஆவார். லண்டனில் இவர்களுக்கு 1356 முதலே ஒரு தொழிற்குழுமம் இருந்தது. அது 1674இல் அரச சாசனம் பெற்றது. 1563ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் ஏழாண்டுப் பயிற்சிக் காலத்தைக் கட்டாயமாக்கியிருந்ததால், பதின்ம வயதுச் சிறுவன் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து ஆசானின் பட்டறையில் சேர்ந்து, மிரளும் குதிரையை அடக்கிக் குளம்பைத் தூக்கிப் பிடிப்பது, நடையைப் பார்த்தே நொண்டுவதன் காரணத்தை ஊகிப்பது, இரத்தம் வடிப்பது, பேதிமருந்து கொடுப்பது ஆகியவற்றைக் கண்டும் செய்தும் கற்றான். கை தேர்ந்த அளவுக்கு உடற்கூற்றறிவு வளரவில்லை என்பதே இம்முறையின் குறை. அந்நூற்றாண்டில் ஐரோப்பிய மந்தைகளை அழித்த வெக்கை நோய், அதாவது மாடுகளிடையே பரவும் கொடிய தொற்றுநோய், அக்குறையை வெளிச்சமாக்கியது.

பிரான்சின் லியோன் நகரில் குதிரையேற்றப் பயிற்சிக்கூடத்தின் தலைவராக இருந்த குளோத் பூர்ஜெலா 1762இல் திறந்த பள்ளி, இத்தொழிலை முதன்முதலாக வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் 1783இல் உருவான ஓடியம் வேளாண் சங்கம், இளைஞர்களைப் பிரான்சுக்கு அனுப்பிக் கற்பிக்க நிதி திரட்ட முனைந்தது. ஆனால் அம்முயற்சி உள்நாட்டிலேயே ஒரு கல்லூரி வேண்டும் என்ற கோரிக்கையாக வளர்ந்து, 1791இல் பிரெஞ்சுக்காரரான சேன்பெல் தலைமையில் லண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரி பிறக்கக் காரணமாயிற்று. சேன்பெல் 1793இல் இறந்தபின் பொறுப்பேற்ற எட்வர்ட் கோல்மன் மனிதருக்கான அறுவை மருத்துவம் பயின்றவர். அவர் காலத்தில் பாடங்கள் பெரும்பாலும் குதிரையைச் சுற்றியே அமைந்தன, படிப்புக் காலமும் சில மாதங்களாகச் சுருங்கியது.

அத்தகைய குறுகிய படிப்பு யாருக்குப் போதுமானது என்பதை எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் டிக்கின் வாழ்க்கை காட்டுகிறது. லாடத் தொழிலாளரின் மகனாகிய அவர், தந்தையின் பட்டறையில் வேலை பழகிய பின்னர் லண்டன் சென்று சில மாதங்களிலேயே சான்றிதழ் பெற்றுத் திரும்பி, 1823இல் எடின்பரோவில் தம் பள்ளியைத் தொடங்கினார். பட்டறைப் பழக்கம் முன்பே இருந்தவருக்கு விரிவுரைகள் அனுபவத்தை ஒழுங்குபடுத்தித் தந்தன. அது இல்லாதவருக்கோ அவை வெறும் செவிவழிச் செய்திகளாகவே நின்றிருக்கும். டிக் தம் மாணவர்களை நோயுற்ற விலங்குகளின் அருகிலேயே வைத்துக் கற்பித்ததற்கு இந்தப் பட்டறிவே அடிப்படை எனலாம்.

1844இல் அரச சாசனம் பெற்ற ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ் என்ற தொழில்மன்றம் தேர்வுகளைத் தன்வசப்படுத்தியது. 1881ஆம் ஆண்டுச் சட்டம் கால்நடை மருத்துவர் என்ற பட்டப்பெயருக்குப் பாதுகாப்பளித்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு பெறாதோர் இத்தொழில் செய்வதைக் கட்டுப்படுத்தி, கல்வியைப் பல்கலைக்கழகங்களின் பொறுப்பாக்கியது. இச்சட்டத்துக்கு முன்பே மோட்டார் வாகனங்கள் குதிரையைத் தெருவிலிருந்து அகற்றியதால், லாடப் பட்டறையும் பண்ணையும் அறியாத நகரத்துப் பிள்ளைகள் இப்படிப்பை நாடத் தொடங்கினர். பிற்காலத்தில் ஜேம்ஸ் ஹெரியட் என்ற புனைபெயரில் புகழ்பெற்ற ஆல்ஃப் வைட், கிளாஸ்கோ நகரில் நாய் வளர்த்துப் பழகிய பள்ளிச் சிறுவனாக, மெக்கானோ இதழில் வந்த ஒரு கட்டுரையால் ஈர்க்கப்பட்டு 1933இல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். அவரைப் போன்றோருக்குப் பண்ணை விலங்குகளை அறிமுகப்படுத்தியது, விடுமுறைகளில் தொழில்புரியும் மருத்துவருடன் சென்று பார்த்துக் கற்கும் முறையேயாகும். பின்னர் தொழில்மன்றம் இம்முறையை நெறிப்படுத்தி, விலங்குப் பராமரிப்பில் 12 வாரங்களும் மருத்துவப் பணியில் 26 வாரங்களும் கல்லூரிக்கு வெளியே கழிய வேண்டும் என்ற விதியை நெடுங்காலம் நடைமுறையில் வைத்திருந்தது.

சேர்க்கைக்கு முன்பே அனுபவத்தை எதிர்பார்ப்பது இதன் நீட்சி; ஆனால் பழைய பயிற்சி முறைக்கும் இதற்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. அன்றைய ஒப்பந்தம் சிறுவனை உழைக்கக் கடமைப்படுத்தியதுபோலவே, அவனுக்கு உணவும் உறைவிடமும் தந்து தொழிலைக் கற்பிக்கும்படி ஆசானையும் கடமைப்படுத்தியது. இன்றைய மாணவருக்கோ பண்ணையாளரின் நல்லெண்ணமும் குடும்பத்தாரின் தொடர்புகளும் மட்டுமே துணை என்பதால், கிராமத்து உறவோ போக்குவரத்து வசதியோ இல்லாத பிள்ளைகள் தொடக்கத்திலேயே பின்தங்க நேர்கிறது. அனுபவத்தைத் தேடிக்கொள்ளும் பொறுப்பு தொழிலிடமிருந்து விண்ணப்பிப்பவரின் வீட்டுக்கு இடம்பெயர்ந்ததே இம்மாற்றத்தின் சாரம்.