மனைவாயிற் கதவுகள்: ஓர் ஒப்புநோக்கு

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குச் செல்லும் சாலையில் திருவரங்குளம் என்னும் பழம்பதி உளது. அரங்குளநாதர் கோயிலால் சிறப்புற்ற இவ்வூரை அடுத்துப் பொற்பனைக்கோட்டை என்னும் பழங்கோட்டை, அகழியும் மதிலும் சிதைந்த நிலையில் காணப்படுகின்றது. ஏறத்தாழ 44 ஏக்கர்ப் பரப்புள்ள அவ்விடத்தில் 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023-ஆம் ஆண்டில் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு நிகழ்த்தின. சங்ககால மக்கள் அங்கு வாழ்ந்தமைக்குரிய சான்றுகள் வெளிப்பட்டன. மதில் உள்ளவிடத்து வாயில் உண்டு; வாயில் உள்ளவிடத்துக் கதவும் உண்டு. ஆயின் செங்கல்லும் ஓடும் மணியும் நிலைப்பது போல மரம் மண்ணுள் நிலைப்பதில்லை. ஆகலின், பண்டைத் தமிழர் தம் மனைவாயிற்கு எத்தகைய கதவு இட்டனர், அவற்றை எவ்வாறு மதித்தனர் என அறிய விழைவார், முதற்கண் இலக்கியத்தையும், அதனையடுத்து இன்றும் வழங்கும் தச்சர் மரபையும் துணைக்கொள்ளுதல் வேண்டும்.

கதவு வகைகளைக் குறித்துப் பேசுவோர் அவற்றைச் செல்வநிலையின் படிகளாகவே கொள்வது பெருவழக்கு. படல் வறியோர்க்கு, பலகைக் கதவு இடைநிலையோர்க்கு, இரட்டைக் கதவு செல்வர்க்கு என்பர். இஃது ஓரளவே உண்மை. பொருளும் வேலைப்பாடும் வேறுபட்டனவேனும், கதவினது தகுதியை அதன் மரத்தால் அளவாது, அது யாரைத் தடுக்கிறது, யாரை ஏற்கிறது என்பதனாலேயே பழந்தமிழர் அளந்தனர் என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் தரும் செய்தி

வாயில் என்னும் சொல் ‘இல்வாய்’ என்பது முன்பின்னாக மாறி நின்ற இலக்கணப் போலி என்பர். இல்முன் என்பது முன்றில் ஆனவாறு போல்வது இது. இல்லத்தை உடம்பாகவும், நுழையுமிடத்தை அதன் வாயாகவும் கண்ட பார்வை இச்சொல்லில் உறைகின்றது. வாய், உண்ணவும் உரையாடவும் அமைந்தது. மூடிக் கிடத்தல் அதன் முதற்றொழில் அன்று.

வாயிலின் உறுப்புகள் இரண்டு. ஒன்று அசையாது நிற்பது. அதனை நிலை என்றனர். மற்றொன்று அசைவது, அது கதவு. நிலைக்கால் இரண்டும் மேலே உத்தரமும் கீழே வாசற்படியுமாக அமைவது நிலை. கதவோ நிலையைச் சார்ந்து, மேலும் கீழும் உள்ள குடுமிகளில் சுழல்வது. கீல் வந்து வழங்குமுன் குடுமியே கதவின் உயிர். தமிழகத்துக் கற்றளிகளின் வாயில்களில், கருங்கல்லிற் குடைந்த குடுமிக்குழிகளை இன்றும் காணலாம். இம்முறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. மேலையாசியப் பழநாடுகளிலும் கற்குழியிற் சுழலும் கதவுகள் இருந்தன. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் அசீரிய வேந்தன் மூன்றாம் சால்மனேசர் பலாவாத்து என்னுமிடத்தில் அமைத்த மரக்கதவுகளின் வெண்கலப் பட்டைகள், இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. மரம் மறைந்தது, பட்டை நின்றது. நம் நாட்டிலோ மரமும் பட்டையும் மறைந்து பாட்டே நின்றது.

மூன்றாவதாகக் கருதத்தக்க சொல் காப்பு. கோயிற் கதவை அடைத்தலைத் திருக்காப்பிடுதல் என்றும், திறத்தலைத் திருக்காப்பு நீக்குதல் என்றும் கூறுதல் மரபு. கதவின் பெயரால் அன்றி, அதன் பயனால் அச்செயலைச் சுட்டிய இவ்வழக்கு சங்க இலக்கியத்திலேயே வேர்கொண்டிருத்தலை மேலே காண்போம்.

கழிக்கதவும் துணைக்கதவும்

சங்கப் பாடல்களில் இருவேறு எல்லைகளில் நிற்கும் கதவுகள் இரண்டு உள. ஒன்று, பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயர் குடிலின் கதவு. கழிகளை நெருங்கக் கட்டி அமைத்தது அது. குறுங்கால் நட்ட குடிசைக்கு அதுவே வாயில். உள்ளே தோற்பாயிற் கிடந்து துயில்வோன் ஒருவனே அக்குடிலுக்குக் காவல். இன்று திருவரங்குளத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் தோட்டத்திற்கும் ஆட்டுக்கிடைக்கும் இடும் படலை இக்கழிக்கதவின் வழித்தோன்றல் எனலாம். பனைமட்டையும் மூங்கிலும் கயிறும் இருப்பின், தச்சன் இன்றியே இல்லத்தான் ஒரு பொழுதில் அதனைச் செய்து முடிப்பான். பழுதுபடின் மாற்றுதலும் எளிது. காற்றும் ஒளியும் அதனூடே புகும். வந்தவர் யாரென்பது கதவு திறவாமலே தெரியும். குறை ஒன்றே: உறுதியின்மை. அக்குறையை மரத்தால் அன்றி, உள்ளே துயிலும் மனிதனாலேயே நிறைவு செய்தனர்.

மற்றையது நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் அரண்மனை வாயில். இரும்பால் இறுகப் பிணித்து, செவ்வரக்குப் பூசி, இரண்டாகப் பொருந்தும்படி அமைத்த கதவு அது. உத்தரம் என்னும் நாண்மீனின் பெயரைத் தாங்கிய பெருமரம் அதன் தலைமேல் கிடக்கின்றது. தேர்ந்த கம்மியன் இடைவெளி தோன்றாவாறு அதனை முடுக்கி இணைத்துள்ளான். நிலையின்மேல் நெய்யணிந்து, ஐயவியாகிய வெண்சிறுகடுகை அப்பியுள்ளனர். கொடியேந்திய யானை குனியாது உட்புகும் உயரம் அதற்குண்டு.

இவ்விடத்து நச்சினார்க்கினியர், உத்தரத்தின் நடுவே திருமகளும் இருமருங்கும் மலரும் பிடியானையும் அமைந்த வேலைப்பாட்டைக் கண்டு உரை வகுக்கின்றார். பிற்காலத்து மனைகளின் நிலைகளில் செதுக்கப்பெறும் யானைத்திருமகள் உருவத்தை இவ்வுரை நினைவூட்டும். நக்கீரர் சொல்லில் உள்ளதையே உரையாசிரியர் விரித்தாரா, தம் காலத்து வாயில்களிற் கண்டதைப் பாட்டினுள் ஏற்றினாரா என்பது ஆராய்தற்குரியது. எவ்வாறாயினும், உரை எழுந்த காலத்தில் நிலையின் தலையில் திருமகளை வைக்கும் எண்ணம் வேரூன்றியிருந்தது என்பதற்கு அவ்வுரையே சான்றாகும்.

ஈண்டு மற்றொன்றும் நோக்கத்தக்கது. வழிபாடு நிலையைச் சார்ந்தே நிகழ்கின்றது. மதுரைக்காஞ்சியும் தெய்வம் உறையும் இடமாக நிலையையே சுட்டி, நெய் பட்டுக் கருமையுற்ற கதவை அதனைச் சார்த்திக் கூறும். இன்றும் வீடு கட்டுவோர் நன்னாள் பார்த்து நிலை வைப்பர். நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாவிலை கட்டுவர். கதவு மாட்டுதற்கு அத்தகைய சடங்கு இல்லை. கதவு மாறலாம், நிலை மாறாது. நெய்யும் ஐயவியும் மஞ்சளும் குங்குமமும் ஆயின. கருத்து மட்டும் அவ்வாறே நின்றது.

போர்க்கதவு

இரட்டைக் கதவைக் குறித்துத் தெளிவு செய்ய வேண்டுவது ஒன்றுண்டு. மதுரைக்காஞ்சியும் பட்டினப்பாலையும் கதவுக்குப் ‘போர்’ என்னும் அடை தருகின்றன. நெடுநல்வாடையும் கதவின் இணைப்பைக் கூறுங்கால் அச்சொல்லையே ஆளுகின்றது. சொல்லை முதன்முதல் எதிர்கொள்ளும் மாணவர் இதனை யுத்தத்திற்குரிய கதவு எனக் கொள்வது இயல்பு. கோட்டைவாயிலை எண்ணுவார்க்கு அப்பொருள் பொருத்தமாகவே தோன்றும். ஆயின் பட்டினப்பாலையில் அக்கதவு இருக்குமிடம் யாது? அது போர்க்களத்தை நோக்கிய வாயில் அன்று. அறம் நிலைபெற்ற அட்டிற்சாலையின் வாயில். சோறு வடித்த கஞ்சி தெருவில் ஆறுபோல் ஓடும் இடம் அது. சோறிடும் சாலைக்குப் போருக்குரிய கதவு எதற்கு?

நெடுநல்வாடை இதற்கு விடை தருகின்றது. அங்குக் கம்மியன் இடைவெளி நீங்க முடுக்கிய இணைப்பைக் கூறும்போதே ‘போர்’ வருகின்றது. ஒன்றோடொன்று பொருதல், அஃதாவது பொருந்துதல் என்பதே அதன் கருத்து. பொரு, பொருந்து, பொருத்து என்னும் சொற்கள் ஓரினத்தன. இரண்டு கதவுகள் நடுவே வந்து இறுக முட்டுதலின் அது போர்க்கதவு ஆயிற்று. உரைமரபும் இப்பொருளுக்கே இடந்தருகின்றது. ஆகவே போர்க்கதவு என்பது ஒரு கட்டுமான வகையின் பெயர். ஒற்றைக் கதவினின்று இரட்டைக் கதவைப் பிரித்துக் காட்டும் தொழிற்சொல். இதனை யுத்தத்தோடு தொடர்புபடுத்துதல், தச்சன் கலைச்சொல்லொன்றை நாம் இழப்பதாகும்.

இவ்விரட்டைக் கதவின் பயன்களும் ஒற்றைக் கதவின் பயன்களும் வேறு. ஒற்றைக் கதவுக்கு மரம் குறைவு, இணைப்பும் ஒன்றே, ஆயின் அகன்ற வாயிலுக்கு இட்டால் கதவின் சுமை முழுவதும் ஒருபக்கக் குடுமியிற் சேர்ந்து, நாளடைவில் கதவு தொங்கித் தரையில் உராயும். இரட்டைக் கதவில் சுமை இருபுறமும் பகிரப்படும். அகன்ற வாயில் எளிதில் திறக்கும். ஒரு கதவை மட்டும் திறந்து ஆள் புகவும், இரண்டையும் திறந்து பொருள் புகவும் இயலும். நடுவே பொருந்துமிடத்தில் இடைவெளி நேருமாயின் காற்றும் கண்ணும் புகும். ஆகலின் கம்மியனின் கைத்திறம் அவ்விடத்திலேயே வெளிப்படும். நக்கீரர் அவ்விடத்தைப் பாராட்டியது காரணமின்றியன்று.

இனி, பெரும்பாணாற்றுப்படையும் பட்டினப்பாலையும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்னும் ஒரு புலவரே பாடியவை. ஆயர் குடிலின் கழிக்கதவையும், புலிப்பொறி இட்ட போர்க்கதவையும் ஒருவரே கண்டு பாடினார். இரண்டிடத்தும் அவர் ஆளும் சொல் காப்பு. குடிலுக்கும் காப்பு, அட்டிற்சாலைக்கும் காப்பு. ஒன்றில் தோற்பாயில் துயிலும் மனிதன் காக்கின்றான். மற்றொன்றில் இறுகப் பொருந்திய மரம் காக்கின்றது. பொருள் வேறாயினும் பயன் ஒன்றே என்பது புலவர் கருத்து. மிக உறுதியான கதவு மிகுதியாக வழங்கும் இடத்திற்கு அமைந்ததாகப் பாடியிருத்தல் கருதத்தக்கது.

அடைத்தலும் திறத்தலும்

கதவின் தகுதி அதன் செயலால் அறியப்படும் என்பதற்குப் பிற சான்றுகளும் உள. மாலை வந்ததும் வாயிலை அடைக்குமுன், உள்ளே வருவார் எவரேனும் உளரா எனக் கேட்கும் வழக்கத்தைக் குறுந்தொகையின் 118-ஆம் பாடலில் நன்னாகையார் குறிக்கின்றார். கதவை அடைத்தல் ஒரு வினாவோடு நிகழ வேண்டியது என்பது அவ்வழக்கத்தின் உட்பொருள். அப்பாடலின் தலைவிக்கோ அவ்வினாவிற்குப் பின்னும் காதலன் வரவில்லை. ஊரார்க்கு அன்றாடக் கடமையாகிய ஒன்று அவளுக்குத் துயரமாதலை, கதவொன்றையே கருவியாக்கிப் புலவர் உணர்த்திவிட்டார்.

புறநானூற்றின் 206-ஆம் பாடலில் அதியமானின் வாயில்காப்போனை நோக்கி ஔவையார் பேசுகின்றார். பரிசிலர்க்கு அடையாத வாயில் என்று பெயர் பெற்ற இடத்தில் தாம் காத்து நிற்க நேர்ந்ததே அவர்தம் வருத்தம். அடையாவாயில் என்னும் புகழ் கதவின் அமைப்பைப் பற்றியதன்று, தலைவனின் உள்ளத்தைப் பற்றியது என்பது அப்பாடலால் விளங்கும். 44-ஆம் பாடலிலோ, ஆவூர்க் கோட்டையுள் அடைத்துக்கொண்டிருந்த நெடுங்கிள்ளியைக் கோவூர்கிழார் இடித்துரைக்கின்றார். அறத்தை உடையனாயின் நாட்டை ஒப்படைத்துத் திறக்கலாம். மறத்தை உடையனாயின் போருக்குத் திறக்கலாம். இரண்டுமின்றித் திண்ணிய நிலையமைந்த கதவின்பின் ஒடுங்குதல் நாணத்தக்கது என்பது அவர் கூற்று. அக்கதவின் உறுதியைப் புலவர் மறுக்கவில்லை. உறுதியான கதவே அவனுக்கு இழிவாயிற்று என்கின்றார்.

நகரத்தார் நிலையும் இற்றைக் கதவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்த நகரத்தார் மாளிகைகள், இராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி முதலிய புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களிலும் உள. பர்மாவிலிருந்து கொணர்ந்த தேக்கில் செதுக்கிய நிலைகளும், யானைத்திருமகள் அமைந்த உத்தரங்களும், இரட்டைக் கதவுகளும் அவற்றின் சிறப்பு. இவற்றைச் செல்வச் செருக்கின் அடையாளம் என்றொழிதல் எளிது. ஆயின் அக்கதவின் புறத்தே நீண்ட திண்ணை இருத்தலையும் நோக்குதல் வேண்டும். கதவு அடைபட்டபின்னும் வழிப்போக்கன் தங்க இடமுண்டு. காப்பும் வரவேற்பும் கதவின் இருபுறத்தும் பங்கிடப்பட்டன. 1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் அவ்வணிகம் குலைந்தது. பல மாளிகைகள் ஆளின்றிப் பூட்டப்பட்டன. அவற்றின் நிலைகளும் கதவுகளும் பெயர்த்தெடுக்கப்பெற்றுக் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைக்கு நிற்பதை இன்று காண்கின்றோம். மாறாதது எனக் கருதப்பட்ட நிலையே இடம்பெயர்ந்தது.

ஆலங்குடி வட்டாரம் பலாவுக்குப் பெயர்பெற்றது. பலாவும் வேம்பும் எளிய மனைகளுக்கு நிலையும் கதவும் தந்தன. 2018 நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜாப் புயலில் அம்மரங்கள் பெருவாரியாகச் சாய்ந்தன. இக்காலத்து இரும்புத் தகட்டுக் கதவும் ஒட்டுப்பலகைக் கதவும் ஆலையில் அளவாகச் செய்யப்பெற்று வருகின்றன. அவை கரையானுக்கு அஞ்சுவதில்லை, விலையும் குறைவு என்பன அவற்றின் நன்மைகள். மழையில் ஒட்டுப்பலகை உப்புதலும், வெயிலில் இரும்பு காய்தலும் குறைகள். அவற்றைப் பழித்தல் நம் கருத்தன்று. கழிக்கதவைப் பாடிய புலவர் இதனையும் பாடியிருப்பர். எனினும் திண்ணை நீங்கி, வந்தவரைக் கதவு திறவாமலே நோக்கும் சிறுகண்ணாடித் துளை வந்தமை, மாலையில் எழுந்த பழைய வினாவின் இடத்தைப் பிறிதொன்று கொண்டமையைக் காட்டுகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், கழிக்கதவு, ஒற்றைக் கதவு, போர்க்கதவு என்பன ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்த படிகள் அல்ல, ஒரே காலத்தில் அருகருகே நின்ற வகைகள் என்பதும், நிலைக்கே தெய்வத்தன்மை உரித்தாயிற்று என்பதும், போர்க்கதவு என்பது இறுகப் பொருந்தும் இரட்டைக் கதவே என்பதும் பெறப்படும். குடுமி, நிலைக்கால், உத்தரம், நாதாங்கி முதலிய சொற்களை இன்னும் நாவில் தாங்கிநிற்போர் முதிய தச்சரே. ஆலைக் கதவு பரவுந்தோறும் அச்சொற்கள் பயன்பாட்டினின்று மறைகின்றன. சங்க இலக்கியத்தின் ஒரு தொடரை விளக்க அகராதி தயங்குமிடத்தில், தச்சர் பட்டறை விடை தரக்கூடும். முதுகலை மாணவர் தத்தம் ஊர்த் தச்சரிடம் சென்று இச்சொற்களை வழங்குமிடத்தோடு தொகுப்பராயின், நக்கீரர் கண்ட கம்மியனின் மொழியை நாம் ஓரளவேனும் மீட்டவராவோம்.