உறைவிந்துத் தொழில்நுட்ப வரலாற்றில் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள்: காரவள்ளியை முன்வைத்து

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது காரவள்ளி. இங்குத் தொடங்கும் மலைப்பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுகிறது. இவ்வழியே மலையூர்ப் பசுக்களுக்கு உறைவிந்து செல்ல வேண்டுமாயின், மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிருடைய திரவ நைட்ரஜன் கலனில்தான் செல்ல இயலும். சினை பிடிக்காதபோது கலனில் நைட்ரஜன் குறைந்ததா, கருவூட்டிய நேரம் தவறியதா என்றே முதலில் ஆராயப்படுகிறது. குச்சி அடிவாரத்தை அடையுமுன்பே, உறையவைக்கும் நிலையத்திலேயே நேர்ந்துவிடும் ஆக்ஸிஜனேற்றச் சேதம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அச்சேதம் நெடுங்காலம் பின்தள்ளப்பட்டதற்கு இத்துறையின் வரலாற்றிலேயே காரணம் உள்ளது.

இந்தியாவில் செயற்கைமுறைக் கருவூட்டல் 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பிலிப்ஸ், லார்டி ஆகியோர் முட்டை மஞ்சள் கரு குளிரதிர்ச்சியிலிருந்து விந்தணுவைக் காப்பதைக் காட்டினர். 1943இல் மெக்லியாட், மிகுதியான ஆக்ஸிஜன் மனித விந்தணுவின் இயக்கத்தை ஒடுக்குவதையும், கேட்டலேஸ் நொதி அதனைத் தடுப்பதையும் கண்டறிந்தார். 1946இல் டோசிக், வால்டன் ஆகியோர் மஞ்சள் கரு ஊடகத்தில் விந்தணுக்களே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதைக் கண்டனர். காக்கும் பொருளே தீங்கிற்கும் இடமளித்தது எனலாம்.

ஆனால் 1949இல் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகியோர் கிளிசராலின் காப்பாற்றலை வெளியிட்டனர். சர்க்கரைக் கரைசல் என்று எண்ணி எடுத்த புட்டியில் கிளிசரால் இருந்தமையால் நேர்ந்த கண்டுபிடிப்பு அது. பனிப்படிகச் சிக்கல் தீர வழி பிறந்தது. ஆய்வுலகின் கவனமும் அங்கேயே நிலைத்தது. ஆக்ஸிஜன் குறித்த வினா ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஓரத்தில் இருந்தது.

நியூசிலாந்தில் இது வேறுவிதமாக அமைந்தது. அங்கு விந்தை உறையவைக்காமலே பயன்படுத்தியதால், ஷானன் நீர்ப்பியில் நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி ஆக்ஸிஜனை வெளியேற்றினார். 1972இல் அவரும் கர்சனும், இறந்த காளை விந்தணுக்கள் அமினோ அமிலங்களிலிருந்து பெராக்சைடை உண்டாக்கி உயிருள்ளவற்றையும் நலிவிப்பதை விளக்கினர். மறு ஆண்டு கேம்பிரிட்ஜில் ஜோன்ஸ், மன் ஆகியோர் செம்மறிக்கிடாய் விந்தணுவின் சவ்விலுள்ள கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைவதை நிறுவினர்.

இக்கண்டுபிடிப்பு உறைவிந்துக்கு மிகவும் பொருந்துவதாகும். இந்தியத் தரநெறிப்படி 0.25 மில்லி குச்சியொன்றில் 2 கோடி விந்தணுக்கள் இருத்தல் வேண்டும். உருக்கியபின் 50 விழுக்காடு இயங்கினால் போதும். அதாவது, ஏற்கத்தக்க குச்சியிலேயே பாதி அணுக்கள் செயலற்றவையாக இருக்கலாம். விந்தணுவில் சைட்டோபிளாசம் மிகக் குறைவு. எனவே தற்காப்பு நொதிகளும் குறைவு. எருமை விந்தணுச் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதியாதலால் அதன் பாதிப்பும் கூடும்.

வைட்டமின் ஈ, குளுட்டாதையோன், கேட்டலேஸ், டாரின் எனப் பல சேர்ப்புகள் பின்னர் சோதிக்கப்பட்டன. மிகுதியாகச் சேர்த்தலும் தீதே. சிறிதளவு ஆக்ஸிஜன் வினைபடு மூலக்கூறுகள் கருவுறும் திறனை எய்துவதற்குத் தேவைப்படுகின்றன. இவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை உருக்கியபின் காணும் இயக்கத்தை அளப்பதோடு நின்றுவிடுவதே இவற்றின் பெருங்குறை. நுண்ணோக்கியின்கீழ் கூடும் சில விழுக்காடு தொழுவத்தில் கன்றாகிறதா என்பது பெரும்பாலும் சோதிக்கப்படுவதில்லை. காரவள்ளிக்கு மேலே வாழும் உழவருக்கோ, ஒரு கருவூட்டல் பொய்த்தால் பசு மீண்டும் சினைப்பருவத்திற்கு வரும் 21 நாள்களும், மற்றொரு முறை கலன் ஏறிவரும் 70 வளைவுகளுமே கணக்கு.