தொழிற்சாலையில் செய்த வீடும் அமெரிக்கச் சங்கங்களின் தடையும்

அமெரிக்காவில் ஒருவர் மனை வாங்கிப் பத்திரமும் பதிந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதில் என்ன வீடு கட்டுவது என்பதை அவர் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. அந்தக் குடியிருப்புக்கு 'ஹோம் ஓனர்ஸ் அசோசியேஷன்' எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால், கூரையின் சாய்வு முதல் சுவரின் நிறம் வரை சங்கத்தின் விதிகளில் எழுதியிருக்கும். பல சங்கங்களின் விதிகளில் இன்னொரு வரியும் உண்டு: வேறிடத்தில் செய்து கொண்டுவந்த வீட்டுக்கு அனுமதி இல்லை. மாடுலர் வீடு வாங்க நினைப்பவர்களுக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

வெளியில் செய்த வீடு அமெரிக்கர்களுக்குப் புதிது அல்ல. சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை தபால் கேட்லாக் மூலம் வீடு விற்றது. வாடிக்கையாளர் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுப்பார். மரம், ஆணி, பெயின்ட், கதவு, ஜன்னல் எல்லாம் ரயில் பெட்டியில் வந்து இறங்கும். அளவாக அறுத்து எண் போட்ட மரங்களை, கூடவே வரும் கையேட்டைப் பார்த்துப் பூட்ட வேண்டியதுதான். இப்படி ஏறத்தாழ 70,000 வீடுகள் விற்றன. சில காலம் வீட்டுக்கடனையும் அந்தக் கம்பெனியே கொடுத்தது! இல்லினாய் மாநிலம் கார்லின்வில் ஊரில் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காக வாங்கிய சுமார் 150 சியர்ஸ் வீடுகளில் பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. இவை மாடுலர் வீடுகள் அல்ல, உதிரிகளாக வந்தவை. ஆனால் தொழிற்சாலை மரம் என்பதற்காக அக்கம்பக்கத்தார் யாரும் முகம் சுளிக்கவில்லை.

முகம் சுளிக்க வைத்தது டிரெய்லர். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியிலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் வீடு கிடைக்காதவர்கள் சக்கர வண்டிகளில் குடியிருந்தார்கள். வண்டி என்பதால் பல இடங்களில் வீட்டுவரி கிடையாது. ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. 'டிரெய்லர்' என்றாலே வறியவர், நாடோடி என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டது.

சங்கங்களின் கதையும் அப்படி ஒன்றும் தூய்மையானதல்ல. கன்சாஸ் சிட்டியில் ஜே.சி. நிக்கோல்ஸ் என்ற மனை வணிகர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலத்தோடு ஒட்டிய ஒப்பந்தங்களைப் பரவலாக்கினார். முதலில் வாங்கியவர் மட்டுமல்ல, அவருக்குப் பின் வாங்குபவர்களும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவர்கள். வீட்டின் குறைந்தபட்ச மதிப்பு இவ்வளவு இருக்க வேண்டும் என்றன அவை. கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்றும் சொன்னன. 1948-இல் ஷெல்லி எதிர் க்ரேமர் வழக்கில் உச்ச நீதிமன்றம், இனத்தடைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. வீட்டின் மதிப்பு, வடிவம் பற்றிய விதிகள் மட்டும் தப்பிப் பிழைத்தன. 1970-இல் சுமார் 10,000 ஆக இருந்த இத்தகைய சமூக அமைப்புகள் இன்று 3,50,000-க்கும் மேல்.

குழப்பம் இந்த இடத்தில்தான். 1976 ஜூன் 15 முதல், அடியில் நிரந்தர இரும்புச் சட்டத்தோடு வரும் 'மேனுஃபாக்சர்டு' வீடுகளுக்கு மத்திய அரசின் தனி விதிமுறை வந்தது. மாடுலர் வீடு அதில் சேராது. அது பெட்டி பெட்டியாக லாரியில் வந்து, கிரேன் மூலம் அஸ்திவாரத்தின் மேல் இறங்குகிறது. மனையிலேயே கட்டும் வீட்டுக்கு எந்தக் கட்டடச் சட்டமோ அதேதான் இதற்கும். ஆனால் டிரெய்லரை மனதில் வைத்து எழுதிய பழைய வரி இதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. "டிரெய்லர்" என்ற சொல்லில் மாடுலர் வீடு அடங்குமா என்று பல மாநில நீதிமன்றங்களில் வழக்கு நடந்தது. தீர்ப்புகளும் ஒரே மாதிரி இல்லை.

தரம் குறைவு என்ற வாதமும் நிற்காது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃப்ளோரிடாவைப் புரட்டிப்போட்டபின் ஃபீமா என்ற பேரிடர் துறையின் குழு சேதங்களை ஆராய்ந்தது. மாடுலர் முறையில் கட்டிய வீடுகள் வழக்கமான மரச்சட்ட வீடுகளைவிட நன்றாகத் தாங்கியிருந்தன. பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்ததே அந்த உறுதிக்குக் காரணம் என்றது குழு.

சங்கத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. விதிகளை நம்பித்தான் பக்கத்து வீட்டுக்காரர் தன் சேமிப்பை எல்லாம் அங்கே போட்டார். தெரு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று அவர் கேட்பதில் தவறில்லை. ஆனால் கூரை, உயரம், முகப்பு, பரப்பளவு ஆகியவற்றுக்கு விதி போட்டாலே அந்த ஒழுங்கு கிடைத்துவிடுமே! சுவருக்கு எந்த ஊரில் ஆணி அடித்தார்கள் என்பது தெருவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. அந்த விதியால் பாதிக்கப்படுவது, சீக்கிரமாகவும் கொஞ்சம் குறைந்த செலவிலும் வீடு முடிக்க நினைத்த குடும்பம்தான்.

கலிஃபோர்னியா இந்த வேறுபாட்டைச் சட்டமாகவே எழுதியது. சிவில் சட்டம் 714.5-ஆம் பிரிவின்படி, தொழிற்சாலையில் செய்து பகுதிகளாகக் கொண்டுவந்தது என்ற ஒரே காரணத்துக்காகச் சங்க விதிகள் ஒரு வீட்டைத் தடுக்கக்கூடாது. எல்லா வீடுகளுக்கும் பொதுவான விதிகளை இதற்கும் போடலாம். ஒரே ஒரு சிக்கல், 1988 ஜனவரி 1 முதல் ஏற்கப்பட்ட விதிகளுக்கு மட்டுமே இந்தப் பிரிவு பொருந்தும். அதற்கு முந்தைய குடியிருப்புகளில் பழைய வரியை நீக்க வேண்டுமானால், பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே வீடு கட்டிக் குடியேறியவர்களின் ஓட்டுத்தான் வேண்டும்.