ரோஜர் வில்லியம்ஸ்

ரோஜர் வில்லியம்ஸ் (சுமார் 1603–1683) அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத் தலைநகரான பிராவிடன்ஸை 1636இல் நிறுவியவர். லண்டனில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த இந்தப் பாதிரியார் 1631இல் பாஸ்டன் வந்து சேர்ந்தார்; 1635 அக்டோபரில் மாசசூசெட்ஸ் அவரை நாடுகடத்தியது. மனச்சாட்சியில் அரசு தலையிடக் கூடாது என்று வாதாடியவராகவே இன்று அவர் போற்றப்படுகிறார். அந்தப் புகழ் அவருக்கு உரியதுதான். ஆனால் நிலம் யாருடையது என்று அவர் கேட்ட கேள்வியை அது மறைத்துவிட்டது. தம்மீது சாட்டப்பட்டவை என அவர் பின்னாளில் எழுதிய வரிசையில் முதலில் நிற்பது அந்தக் கேள்விதான்: மன்னரின் பட்டயம் நிலத்துக்கு உரிமை தராது, பூர்வகுடிகளே உண்மையான உடைமையாளர்கள். தமக்குச் சாதகமாக அவர் எழுதிக்கொண்டது என்று இதைத் தள்ள முடியாது. அவரோடு நூல்வழி மோதிய ஜான் காட்டனும், பட்டயத்தை அவர் கடுமையாக எதிர்த்தது வெளியேற்றத்துக்கு ஒரு காரணம் என்றே எழுதினார்.

புதிய ஊருக்கான இடத்தை நாரகான்செட் என்ற பூர்வகுடியின் தலைவர்களிடமே அவர் கேட்டுப் பெற்றார். 1638ஆம் ஆண்டுப் பத்திரத்தில் கையொப்பம் இட வேண்டிய இடத்தில் அத்தலைவர்களான கனோனிகஸ் ஒரு வில்லையும் மியான்டோனோமி ஓர் அம்பையும் வரைந்தனர். அவர்களுடைய மொழியைப் பற்றி 1643இல் வில்லியம்ஸ் ஒரு நூலே வெளியிட்டார். பிறகு 1644இல் அவரே லண்டனில் பட்டயம் வாங்கவில்லையா என்று கேட்கலாம். வாங்கினார், அண்டைக் குடியேற்றங்கள் ஊரை விழுங்காதிருக்க ஆளும் உரிமைக்காக வாங்கினார். 1676இல் நடந்ததற்கு அப்படி எளிதாகப் பதில் சொல்ல முடியாது. அவ்வாண்டு பூர்வகுடிகளுக்கும் குடியேறியவர்களுக்கும் இடையே நடந்த போரில் பிராவிடன்ஸின் பெரும்பகுதி எரிந்தது, அவர் வீடும் போயிற்று. போர் முடிந்ததும், பிடிபட்ட பூர்வகுடிகளை ஆண்டுக்கணக்கில் ஊழியத்துக்கு விற்ற ஊர்க் குழுவில் அவரும் இருந்தார். அக்கால வழக்கம் அது என்பார்கள். வழக்கம் என்பதற்காகவே எதையும் ஏற்காதவர் அவர். ஆகவே அவரை அவர் சொல்லைக் கொண்டே அளக்க வேண்டும்.

1860இல் அவரது கல்லறையைத் தோண்டியபோது, உடல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் முதுகெலும்புபோல வளைந்து கால்கள்போலப் பிரிந்த ஓர் ஆப்பிள் மர வேரே கிடைத்தது. அது இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 1936இல் மாசசூசெட்ஸ் நாடுகடத்தல் ஆணையை ரத்து செய்தது. பிராவிடன்ஸில் நகரைப் பார்த்தபடி நிற்கும் அவர் சிலையின் முகம் சிற்பியின் கற்பனை, ஏனெனில் அவர் காலத்து ஓவியம் எதுவும் எஞ்சவில்லை. எஞ்சியிருப்பது சிதைந்த அந்தப் பத்திரம். அதில் வில்லும் அம்பும் இருக்கின்றன.