மதுக்கடையில் ஆரம்பித்த சங்கம்

குடியிலிருந்து மீள உதவும் குழு சிகிச்சையின் வரலாற்றைத் தேடினால், பெரும்பாலும் 1935-ல்தான் போய் நிற்போம். பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் சந்தித்து, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்த வருஷம். எனக்கென்னவோ இன்னும் 95 வருஷம் பின்னாடி போகணும்னு தோணுது.

1840 ஏப்ரல், பால்டிமோர். ஒரு மதுக்கடையில் வழக்கமாகக் கூடும் ஆறு பேர்: தையல்காரர், தச்சர், வண்டி செய்பவர், வெள்ளி வேலை செய்பவர், இரண்டு கொல்லர்கள். இனி குடிப்பதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சங்கத்துக்கு ஜார்ஜ் வாஷிங்டன் பெயரை வைத்தார்கள்.

அதுவரை இருந்த மதுவிலக்குச் சங்கங்கள் இன்னும் குடியில் விழாதவர்களைக் காப்பாற்றத்தான் பார்த்தன. முற்றிய குடிகாரர் கணக்கிலேயே இல்லை. இவர்கள் கூட்டத்தில் பிரசங்கம் கிடையாது. ஒவ்வொருத்தரா எழுந்து, எப்படிக் குடிச்சேன், எப்படி விட்டேன்னு சொல்லணும். அடுத்த தடவை இன்னொரு குடிகாரரைக் கூட்டிட்டு வரணும். (டாக்டரே இல்லாத இது சிகிச்சையான்னு கேட்கலாம். கேட்டது வேலை செய்தது!)

1842 பிப்ரவரி 22 அன்று ஸ்பிரிங்ஃபீல்டில் இவர்களிடையே பேசிய 33 வயது வக்கீல் ஆபிரகாம் லிங்கனுக்கு விஷயம் பிடிபட்டிருந்தது: திட்டும் பிரசங்கியைவிட, குடித்து மீண்டவர் பேச்சுதான் எடுபடும்.

ஆனால் பத்து வருஷத்துக்குள் இயக்கம் கலைந்தது. குடிப்பழக்கமே இல்லாதவர்கள் நிறைய வந்தார்கள். மதுவுக்குச் சட்டம் போட்டுத் தடையா என்ற அரசியல் சண்டையும் கூடவே வந்தது. தன் கதையைச் சொல்ல வந்தவர் ஓரத்துக்குப் போய்விட்டார்.

வெளி விவகாரங்களில் கருத்தே சொல்வதில்லை என்று ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் ஒரு மரபு வைத்திருக்கிறது. அதை விளக்க பில் வில்சன் எடுத்துக்கொண்டது இந்த பால்டிமோர்காரர்களின் கதையைத்தான்.