பல்வங்கர் பாலுவும் மண் குவளையும்

அறுபதுகளில் எங்கள் அண்ணாகிராமம் பக்கம் கிரிக்கெட் ஆட மைதானம் கிடையாது. கரும்பு வெட்டி நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போன பிறகு, மறு நடவு வரை சும்மா கிடக்கும் வயல்தான் மைதானம். ஸ்டம்புக்குச் சவுக்குக் கழி, பந்து கார்க் பந்து. அதில் ஒன்று தொலைந்தால் அன்றைய ஆட்டமே முடிந்தது. இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள்.

எங்கள் அணியில் காலனியிலிருந்து ஒருவர் வந்து ஆடினார். பெயர் வேண்டாம். இடது கையால் மெதுவாகப் பந்து போடுவார். பந்து தரையைத் தொட்டதும் பாம்பு மாதிரி திரும்பும். என்னைவிட நாலு வயது பெரியவர். ஆனால் அவரை நாங்கள் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், அவர் என்னைச் ‘சின்னவரே’ என்பார். தாகம் எடுத்தால் நாங்கள் செம்பைத் தூக்கிக் குடிப்போம். அவர் குனிந்து இரு கையையும் குவிப்பார், யாராவது ஊற்றுவோம். பல நாள் ஊற்றியது நான்தான். அதில் ஏதோ தவறு இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு ராமச்சந்திர குஹா எழுதிய இந்திய கிரிக்கெட் வரலாற்றைப் படித்தேன். அதில் பல்வங்கர் பாலுவின் கதை வருகிறது. அவரும் இடது கைச் சுழல் பந்து வீச்சாளர். படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தக் கதையை இங்கே எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

பாலு 1876-இல் பிறந்தவர். தோல் வேலை செய்யும் சமார் சாதி. சொந்த ஊர் ரத்னகிரிப் பக்கம் பல்வன். தகப்பனார் பூனாவில் ராணுவத்தில் வேலை பார்த்தார். பையன் முதலில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை தள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்குப் போனார், அங்கே 4 ரூபாய். தரையைச் சரி செய்வது, வலை கட்டுவது, கோடு போடுவது எல்லாம் அவர் வேலை. நேரம் கிடைக்கும்போது துரைமார்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து போடுவார். அங்கே ஜே.ஜி. கிரெய்க் என்று ஒரு ராணுவ அதிகாரி இருந்தார், நல்ல மட்டையாளர். (இந்தத் துரை பிற்காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியார் ஆகிவிட்டார் என்பது வேறு கதை.) அவர் தினமும் மற்றவர்களுக்கு முன்னால் வந்து பாலுவின் பந்தை ஆடிப் பழகுவார். தன்னை ஒரு தடவை அவுட் ஆக்கினால் எட்டணா தருவார் என்பார்கள். 4 ரூபாய் சம்பளக்காரருக்கு எட்டணா எவ்வளவு பெரிய காசு என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருடக் கணக்கில் பந்து போட வைத்தார்களே தவிர, மட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை.

பூனா இந்துக்களின் அணிக்கு வெள்ளையரை ஜெயிக்க வேண்டும் என்று ஆசை. அதற்குப் பாலு வேண்டும். ஆனால் அவரைச் சேர்த்தால் தீட்டு. உள்ளே பெரிய வாக்குவாதம் நடந்து, கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு எறிந்துவிடும் மண் குவளை. முகம் கழுவ வேண்டுமென்றால் ஒரு மூலையில் அவர் சாதி வேலையாள் ஒருவர் தண்ணீர் ஊற்றுவார். சாப்பாடும் தனி மேசையில்தான்.

நம்மூர் டீக்கடைகளில் இரட்டை டம்ளர் பார்த்தவர்களுக்கு இது புதிது இல்லை. ஆனால் அந்த மனிதர் விக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து அந்தக் குவளையை வாங்கினார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாலு சேர்ந்த பிறகு பூனா இந்துக்கள் வெள்ளையர் அணிகளை ஜெயிக்க ஆரம்பித்தார்கள். சாதாரா வெள்ளையர் கிளப்பையும் போய் ஜெயித்தார்கள். நீதிபதி ரானடே, அவரோடு விளையாட முடிகிறது என்றால் அவரோடு உட்கார்ந்து உண்ணவும் குடிக்கவும் வேண்டும் என்று ஊரறியச் சொன்னார். சொன்னவர் பெரிய மனிதர் என்பதால் கொஞ்சம் அசைவு இருந்தது. 1896-இல் பூனாவில் பிளேக் வந்தபோது பாலு குடும்பம் பம்பாய்க்குப் போயிற்று. பிறகு பி.பி. அண்ட் சி.ஐ. ரயில்வேயில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்து ஜிம்கானா ஆட்டம்.

அந்தக் காலத்துப் பம்பாய் கிரிக்கெட்டில் அணிகள் மதப்படிதான். ஐரோப்பியர், பார்சி, இந்து, பிறகு முஸ்லிம். 1906-இல் இந்துக்கள் முதன்முறையாகப் பம்பாயில் ஐரோப்பியரோடு மோதினார்கள். இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர் 191, 102. 109 ஓட்டத்தில் வெற்றி. பாலுவும் அவர் தம்பி சிவராமும் ஆடினார்கள். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசிக் கிளர்ச்சி நடந்த சமயம் அது. பம்பாய் கொண்டாடித் தீர்த்தது.

இனி நான் சொல்ல வந்த 1911-ஆம் வருடத்துப் பருவத்துக்கு வருகிறேன்.

அந்த வருடம் முதன்முறையாக எல்லா மதத்தவரும் சேர்ந்த அகில இந்திய அணி ஒன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது 19. காரணம் கேட்க வேண்டாம், மகாராஜா என்பதே காரணம். அணியில் பாதிக்குப் பக்கம் பார்சிகள், மீதி இந்துக்களும் முஸ்லிம்களும். விக்கெட் கீப்பர் நம் சென்னையில் பிறந்த கீழ்விடி சேஷாச்சாரி. ஒரு ஐயங்கார், பாலுவின் பந்தை ஸ்டம்புக்குப் பின்னால் உட்கார்ந்து பிடித்தார். அந்தக் காலத்தில் இருவர் ஊரிலும் வேறு எந்த இடத்திலும் நடந்திருக்க முடியாத காட்சி.

ஜூன் மாதம் ஆட்டங்கள் தொடங்கின. இங்கிலாந்தில் அந்த வருடம் கடும் கோடை. ஜூன் 22-ஆம் தேதி ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு விழா. மகாராஜா விருந்துக்கும் ஊர்வலத்துக்கும் போய்விட்டார், ஆடியது சில ஆட்டங்கள்தான். போனவர் அணியின் நல்ல மட்டையாளரான மிஸ்திரியையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்! மிச்சம் இருந்தவர்கள் ஊர் ஊராகப் போய்த் தோற்றார்கள். முதல்தர ஆட்டங்கள் 14, அதில் 10 தோல்வி, 2 டிரா, 2 வெற்றி.

இந்தத் தோல்விக்கு நடுவேதான் பாலு பந்து போட்டுக்கொண்டே இருந்தார். வயது 35, தோளில் வலி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 103 ஓட்டம் கொடுத்து 8 விக்கெட். லார்ட்ஸில் எம்.சி.சி.க்கு எதிராக 4. ஜூலையில் லீஸ்டர்ஷயரை ஜெயித்தார்கள். டாக்டர் காங்கா 163 ஓட்டம் எடுத்தார், பாலு இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட் சாய்த்தார். (பம்பாயில் மழைக்காலத்தில் நடக்கும் காங்கா லீக் இந்தக் காங்காவின் பெயரில்தான்.) அடுத்து சாமர்செட். ஒரே விக்கெட் மிச்சம் இருக்க வெற்றி. அங்கே 113 ஓட்டம் எடுத்துக் கடைசி வரை ஆட்டமிழக்காமல் நின்றவர் தம்பி சிவராம். அந்தப் பயணத்தில் பாலு எடுத்த விக்கெட் மொத்தம் 114. ஆடுகளம் பெருக்கப் போன பையன், துரைமார்களின் சொந்த நாட்டுக்குப் போய் எடுத்த கணக்கு.

பம்பாய் திரும்பியதும் ஒடுக்கப்பட்ட மக்கள் கூடிப் பாலுவுக்கு வரவேற்பு கொடுத்தார்கள். அப்போது எல்பின்ஸ்டன் கல்லூரி மாணவராக இருந்த அம்பேத்கருக்கு அந்த விழாவின் வரவேற்பு மடலில் பங்கு உண்டு என்பார்கள். நம் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா நந்தனார் பள்ளியைத் தொடங்குவதற்கு ஐந்து வருடம் முன்பு நடந்த விழா இது.

இவ்வளவு ஆன பிறகாவது இந்து ஜிம்கானா அவரைத் தலைவர் ஆக்கியதா? இல்லை. அவரைவிட இளையவர்கள், குறைந்த அனுபவம் உள்ளவர்கள் தலைவர் ஆனார்கள். 1913-இல் தலைவரான முகுந்த் பை, இந்தக் கௌரவம் பாலுவுக்குப் போயிருக்க வேண்டியது என்று வெளிப்படையாகவே சொன்னார். நல்ல மனிதர். ஆனால் சொன்னதோடு சரி.

1920-இல்தான் கணக்குத் தீர்ந்தது. அந்த வருடம் பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். தலைவருக்கு உடல்நலம் இல்லாமல் போகவே, பாலுவின் இன்னொரு தம்பி விட்டலை விட்டுவிட்டு, அவருக்கு இளையவரான பூனாவின் தேவதரைத் தலைவராகப் போட்டார்கள். (தேவதர் கோப்பை என்று ரேடியோவில் கேட்டிருப்பீர்கள், அவரேதான்.) சிவராமும் விட்டலும், நாங்கள் ஆட வரவில்லை என்று விலகினார்கள். சும்மா விலகவில்லை, சாதி பார்த்து ஒதுக்குவதால் விலகுகிறோம் என்று காரணத்தையும் பகிரங்கமாகச் சொன்னார்கள். பத்திரிகைகளில் ஒரே பேச்சு. இந்து ஜிம்கானா இறங்கி வந்தது. அடுத்த ஆட்டத்துக்கு முகுந்த் பை தலைவராகத் திரும்பினார், பாலு துணைத் தலைவர் ஆனார், தம்பிகள் திரும்பி வந்தார்கள். ஆட்டத்தின் நடுவே முகுந்த் பை வெளியே போய், பாலுவிடம் பொறுப்பைக் கொடுத்தார். 44 வயதில், கொஞ்ச நேரம், பாலு தலைவராக நின்றார். 1923-இல் விட்டலையே தலைவராக்கினார்கள். அந்த வருடம் ஐரோப்பியரை வென்று கோப்பை கிடைத்தது. கூட்டம் விட்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது.

பாலு வெள்ளையரை ஜெயித்துக் கொடுத்த இருபது வருடத்தில் நடக்காதது, தம்பிகள் ‘வரமாட்டோம்’ என்று சொன்ன ஒரு வாரத்தில் நடந்தது.

இதே 1920-இல் அமெரிக்காவில், வெள்ளையர் பேஸ்பால் அணிகள் கறுப்பர்களைச் சேர்க்காததால், ரூப் ஃபாஸ்டர் என்ற கறுப்பர் கன்சாஸ் சிட்டியில் கூட்டம் போட்டுத் தங்களுக்கென்றே ஒரு லீக் தொடங்கினார். அந்த அணிகளுக்கு ஹோட்டலில் அறை கிடைக்காது, பல ஊர்களில் உட்கார்ந்து சாப்பிட இடம் கிடைக்காது. 1947-இல்தான் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் ஆடினார். அங்கே மைதானத்து வாசலிலேயே தடுத்தார்கள். நாம் மைதானத்துக்குள் விட்டுவிட்டுத் தேநீர் நேரத்தில் வெளியே உட்கார வைத்தோம். எது மோசம் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நம்முடையதுதான் என்றேன். அவர்கள் அவனுடைய கை வேண்டாம் என்றார்கள், நாம் கை மட்டும் போதும் என்றோம்.

பாலு பிறகு அரசியலுக்கு வந்தார். 1932 பூனா ஒப்பந்தத்தில், நம் எம்.சி. ராஜா கையெழுத்துப் போட்டதைப் போலவே அவரும் போட்டிருக்கிறார். 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245, பாலு 11,225. அந்த வேட்பு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவரை இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை போதாது. 1955-இல் காலமானார்.

யோக்கியதை என்று ஏன் சொன்னேன் என்றால், எங்கள் இடது கைக்காரர் கதையின் மீதி இது. ஒரு பொங்கல் சமயம் நெல்லிக்குப்பத்துப் பையன்களோடு ஆட்டம். ஆறு விக்கெட் எடுத்தார், ஜெயித்தோம். எல்லோரும் காப்பி குடிக்கப் போனோம். எங்களுக்குப் பித்தளை டம்ளர் வந்தது. அவருக்குக் கொட்டாங்குச்சி. வாங்கவில்லை. தன் காப்பிக்கான காசை எடுத்துப் பலகையில் வைத்துவிட்டு, நடந்து போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு வரவில்லை. என்னைத்தான் அனுப்பினார்கள். கரும்புச் சோகை கட்டிக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தாமலே, “பந்து போட வரேன் சின்னவரே. டம்ளர்ல காப்பி வாங்கித் தருவீங்களா, கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

கேட்டுச் சொல்கிறேன் என்று திரும்பி வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. உடம்பு சரியில்லையாம் என்று பையன்களிடம் சொல்லிவிட்டேன்.